பத்து என்றால் ஏழு

மார்ச் 4

லேத் பட்டறை முதலாளி அம்மாவுக்கு,

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் நிம்மதியாக இருந்தேன். இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் அதை லேத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். இரும்பு சீவுகிற சத்தத்தை ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு நானே வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம். பார்சல் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவாய், அதனால் வரவில்லை என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். நம்முடைய பழைய தொண்ணூற்றெட்டு சிசி வண்டிக்கு டர்போ வைக்கிறேன். சிரிக்காதே. நான் வேலை பார்க்கும் இடத்தில் லாரி டர்போக்கள் வண்டி வண்டியாக வருகின்றன. ஒவ்வொன்றும் சோற்றுப் பானை அளவு. போன மாதம் ஏதோ சின்னக் காரிலிருந்து ஒன்று வந்தது, என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதன் சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போய்விட்டார். இரண்டு பேரிங் மாற்றி, சக்கரத்தைச் சுத்தம் செய்து ஊதிப் பார்த்தேன். மூச்சுக்காற்றுக்கே சுற்றுகிறது. இனி எஞ்சின் விடும் புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றும், மறுபக்கச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திணிக்கும். பழைய தீயணைப்புக் குடுவை ஒன்றை வெட்டி நடுவில் காற்றுத் தொட்டியாக வைத்துவிட்டேன்.

எனக்கு உன் கையிலிருந்து இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, எஞ்சினுக்குள் அமுக்கம் மிஞ்சாமல் இருக்கச் சிலிண்டருக்கு அடியில் கொடுக்க அலுமினியத் தகடு. மாதிரித் துண்டு பெட்டியில் இருக்கிறது, அதே கனம், அதே ஓட்டைகள். இரண்டு, காற்றுத் தொட்டியின் தலையில் உட்காரும் பித்தளை வால்வு. அழுத்தம் அளவு தாண்டினால் அது திறந்து அதிகக் காற்றை வெளியே விட வேண்டும். பத்து பவுண்டில் திறக்கட்டும். பத்து.

வேலை முடிந்தால் வண்டி மணிக்கு நூற்று இருபது கிலோமீட்டர் தொடும். மகள் நன்றாக இருக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அவளைப் பற்றி வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கால்வாசி கழிக்கப்பட்டவன்

மார்ச் 9

மகளின் அப்பாவுக்கு,

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அட்டைப் பெட்டி நன்றாக இருக்கிறது, ஆணி போட்டு வைத்துக்கொள்கிறேன்.

'நம்முடைய' வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பேங்குக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் என் மேஜையிலிருந்து அந்த எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனவர் நீங்கள். திரும்பி வந்தபோது மேஜையில் எண்ணெய் வட்டமும் நான்கு போல்ட்டும் இருந்தன. போல்ட்டை மறந்து போனவருக்கு 'நம்முடைய' மட்டும் எப்படி ஞாபகம் வந்ததோ தெரியவில்லை.

அந்த எஞ்சின், பிஸ்டன் அடிக்கும் நாலு அடிக்கு ஒருமுறைதான் மூச்சை இழுக்கும். உங்கள் டர்போ நிற்காமல் ஊதும். இழுக்காத மூன்று அடிக்கும் காற்று எங்கே போகும் என்று யோசித்துத் தொட்டி வைத்ததுவரை சரி. யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அந்த எஞ்சினின் ஆயில் பம்ப் தன் வயிற்றையே கழுவ முடியாதது. நூற்று இருபது ஓடுமாம். உங்கள் வாயிலிருந்து வரும் நூற்று இருபதை நான் தொண்ணூறு என்று எழுதிக்கொள்கிறேன். 'பத்து நிமிஷத்துல வந்துடறேன்'னு சொல்லிவிட்டுப் போன ஆளுக்காகச் சோற்றை மூடி வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, இதையெல்லாம் விடுகிறேன். போன வாரம் மகள் போனில், "அம்மா, என் தோல் பூட்ஸ அனுப்பி வைங்க"ன்னா. "எதுக்குடி?"ன்னேன். "சும்மா"ன்னா. பரீட்சை முடிந்து அப்பாவோடு இரண்டு மாதம் இருக்க வந்த இருபது வயசுப் பெண்ணுக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ் எதற்கு? உங்கள் கடிதம் வந்ததும் புரிந்துவிட்டது. அந்த வெடிகுண்டின் மேல் அவளைத்தான் உட்காரவைக்கப் போகிறீர்கள்.

தகடும் இல்லை, வால்வும் இல்லை. பூட்ஸும் இல்லை.

அவளைப் பெற்றவள்

மார்ச் 13

பெற்றவளுக்கு,

ஆமாம், அவள்தான் ஓட்டப் போகிறாள். ஏப்ரல் இருபதாம் தேதி, பழைய விமான ஓடுதளத்தில். நூறு சிசிக்குக் கீழே உள்ள வண்டிகளுக்குத் தனி ஓட்டம். ஒவ்வொருவராகத் தனித்தனியாக ஓட்டி வேகம் அளப்பார்கள், பக்கத்தில் வேறு வண்டி இருக்காது. அறிவிப்பைக் கொண்டுவந்து நீட்டியது அவள். நான் "வேண்டாம்மா, நாம எஞ்சினை மட்டும் பண்ணலாம்"னேன். "பண்ணி ஷோகேஸ்ல வைக்கப் போறீங்களா?"ன்னா. அந்தப் பேச்சு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை எனக்கு. கீழே கம்ப்ரசர் ஓடினால் டம்ளர் மேஜையில் நகரும். அந்த அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அவள் என்னோடு முழுதாக இருக்கும் முதல் மாதம் இது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து கார்புரேட்டரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த எஞ்சின் இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பஸ் ஏறியிருப்பாள். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நான் ஏன் உன்னை விட்டு வந்தேன் என்பதை நீ எண்ணெய் வட்டத்தோடு முடித்துவிட்டாய். பட்டறை நிறைய ஆள் நிற்கும்போது, பம்ப் செட்டுக்காரரிடம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, "அவர் சொல்றதுல கால்வாசிய கழிச்சுட்டு மிச்சத்த நம்புங்க"ன்னு. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் என்னிடம் எது கேட்டாலும் உன் முகத்தைத்தான் பார்ப்பார். சாக்கில் எஞ்சினோடு என் மானத்தில் மிச்சமிருந்ததையும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

இப்போது கேள். நீ வால்வு தராவிட்டால் வண்டி வால்வு இல்லாமல் ஓடும். தகடு தராவிட்டால் தகடு இல்லாமல் ஓடும். மிரட்டவில்லை, நடக்கப் போவதைச் சொல்கிறேன். இங்கே கடையில் செய்கிற வால்வு இரண்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்று நாலில் திறக்கிறது, இன்னொன்று திறக்கவே இல்லை. அவள் உட்காரும் வண்டியில் அதை மாட்ட எனக்கு மனசு வரவில்லை. உனக்கு வந்தால் சும்மா இரு.

கால்வாசி

மார்ச் 20

மகளின் அப்பாவுக்கு,

தோற்றுப்போய்த்தான் அனுப்புகிறேன், புரிந்து அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படி என்னை நடுவில் நிறுத்த உங்களால் மட்டும்தான் முடியும். செய்து கொடுத்தால் அவளை நானே ஏற்றிவிட்ட மாதிரி. கொடுக்காவிட்டால் நானே தள்ளிவிட்ட மாதிரி. நாலு நாள் யோசித்தேன். வந்த வேலையெல்லாம் கோணலாகப் போனது. ஒரு புஷ்ஷை இரண்டு தடவை வீணாக்கினேன். பட்டறையைத் திறந்த பிறகு நான் எதையும் இரண்டு தடவை வீணாக்கியதில்லை.

வால்வு பித்தளையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை மூன்று தடவை சுற்றினேன். முதல் இரண்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. தகட்டின் இரண்டு முகத்தையும் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்திருக்கிறேன், தலைமுடி நுழையாது. ஓட்டைகளில் பிசிறு கிடையாது. நீங்கள் அரத்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் கைவைக்க வேண்டிய அவசியம் இல்லை, தயவுசெய்து வைக்காதீர்கள்.

பூட்ஸும் இருக்கிறது. கூடவே கையுறை. முழங்கைக்கும் முழங்காலுக்கும் கட்டுகிற பட்டைகள். அவள் இதையெல்லாம் போடாமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள் என்று எனக்குத் தெரிந்தால், அடுத்த பஸ்ஸில் வந்து எஞ்சினை உங்கள் தலையில் போடுவேன்.

நன்றி எழுத வேண்டாம். உங்கள் நன்றியிலும் கால்வாசி கழிக்க வேண்டியிருக்கும்.

அவளைப் பெற்றவள்

ஏப்ரல் 6

பெற்றவளுக்கு,

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மகளின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். நர்ஸ் நம்மைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். நீ எதையும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனது பழைய சர்க்கரைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் நேரான ரோடு. ஆள் நடமாட்டம் கிடையாது. காலை ஒன்பது மணி. முதல் இரண்டு ஓட்டமும் நன்றாகப் போனது. கீழ் வேகத்தில் கொஞ்சம் மந்தம், அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், வண்டி பிடுங்கிக்கொண்டு போகும். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மூன்றாவது ஓட்டத்தில் முழு ஆக்ஸிலேட்டர். விசில் சத்தத்துக்கு நடுவில், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி எஞ்சின் இறுகிவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. அவள் கிளட்ச்சைப் பிடித்துவிட்டாள், பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியாது. வேகம் பாதி குறைந்த பிறகுதான் விழுந்தாள். காறை எலும்பு மட்டும் முறிந்தது. நீ அனுப்பிய பட்டைகள் கிழிந்தன, தோல் கிழியவில்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ கிளம்பிப்போன பிறகு எஞ்சின் தலையைக் கழற்றினேன். பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. உருகிப் போயிருக்கிறது. ஏன் என்று புரியவில்லை. ஏழு பவுண்டு அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அதற்கு ஏற்ற துளையுள்ள ஜெட்டைக் கார்புரேட்டரில் போட்டிருந்தேன். கேஜ் மாட்டியும் பார்த்தேன், ஒற்றை சிலிண்டர் துடிப்பில் முள் ஆடி ஆடி உடைந்ததால் கழற்றி வைத்துவிட்டேன். கடைசியாக உன் வால்வை எடுத்துப் பட்டறைக் கம்ப்ரசரில் மாட்டினேன்.

பத்தில் திறக்கிறது. பத்து! மூன்று தடவை பார்த்தேன். பத்து பவுண்டுக் காற்றுக்கு ஏழுக்கான பெட்ரோல் போதாமல்தான் உள்ளே சூடேறி பிஸ்டன் உருகியிருக்கிறது.

இருபது வருஷமாக நான் பத்து கேட்டால் நீ ஏழு கொடுப்பாய். அரை இஞ்சு கேட்டால் கால் இஞ்சுக்குச் சற்று மேலே கொடுப்பாய். அது தெரிந்துதான் எனக்கு ஏழு வேண்டுமென்றால் பத்து என்று எழுதுவேன். ஒருநாளும் தவறியதில்லை. நீ கொடுத்த எதையும் நான் அளந்து பார்த்ததே இல்லை. எனக்கு எது வேண்டுமோ அது என்னைவிட உனக்குத் தெரியும் என்று விட்டுவிடுவேன்.

இந்தத் தடவை மட்டும் ஏன் பத்து போட்டாய்? என் முகத்தில் கரி பூசவா? பூச வேண்டியது என் முகம்தானே, அவளை ஏன் இழுத்தாய்?

அவளுடைய அப்பன்

ஏப்ரல் 10

உனக்கு,

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். மார்ச் நாலாம் தேதி நீ எழுதியது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். படி. சத்தமாகப் படி. டயர் கடைக்காரனுக்கும் கேட்கட்டும். "பத்து பவுண்டில் திறக்கட்டும். பத்து." ஒரு தடவை எழுதினால் நான் கழித்துவிடுவேன் என்று இரண்டாவது தடவையும் எழுதியிருக்கிறாய். இது யார் கையெழுத்து?

நான் பழிவாங்கினேனா? என் வயிற்றில் சுமந்தவளை வைத்தா? இதை எழுத உனக்குக் கை வந்ததே.

ஏன் பத்து போட்டேன் என்று கேட்கிறாய், சொல்கிறேன். முதல் ஸ்பிரிங் ஏழில் திறந்தது. கை பழக்கத்தில் தானாக ஏழுக்குத்தான் போயிற்று. டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அவள் ஓட்டப் போகிறாள் என்று தெரிந்தே இவன் இந்த எண்ணை எழுதியிருக்கிறான். டர்போ வேலை செய்கிறவன் இவன், நான் இல்லை. என் லேத்துக்கு டர்போவைப் பற்றி என்ன தெரியும்? நான் என் இஷ்டத்துக்குக் குறைத்து, அதனால் எங்கேயோ ஏதோ இசகுபிசகாகிப் போனால்? பொய் பேசுகிறவன்தான், பெருமை அடிக்கிறவன்தான், ஆனாலும் சொந்த மகள் உட்காரும் வண்டிக்குப் பொய் எண் எழுத மாட்டான் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டேன்; இரண்டாவது சரிவரவில்லை, மூன்றாவதைச் சரியாகப் பத்துக்குச் செய்தேன்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை உன்னை முழுசாக நம்பினேன். அன்றைக்கு என் மகள் ரோட்டில் விழுந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். "தோள் கூடுற வரைக்கும் அப்பாகிட்டயே இருக்கேன்"ன்னா. உன்னிடம் இருந்ததால்தான் தோள் போச்சு என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் மூஞ்சியைப் பார்த்து விழுங்கிவிட்டேன். எஞ்சினை இங்கே அனுப்பு. உன்னிடம் அது இருக்கக் கூடாது.

அவள் அம்மா

ஏப்ரல் 15

அவள் அம்மாவுக்கு,

கடிதத்தைச் சத்தமாகத்தான் படித்தேன். அவள் கேட்டாள், டயர் கடைக்காரரும் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவை என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறாய். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இப்படியே எழுது. 'நீங்கள்' என்று நீ எழுதும்போது பார்சல் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது.

நீ செய்தது தப்பு என்று இனி எழுத மாட்டேன். கேட்ட எண்ணைக் கொடுப்பதில் என்ன தப்பு? தப்பு முழுக்க என்னுடையது. உனக்கு அதில் ஒரு துளிகூடப் பங்கு கிடையாது, கேட்டாலும் தரமாட்டேன். ஆனால் ஒன்று. நான் பத்து என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டது நீ ஏழு என்று கழிக்க ஆரம்பித்த பிறகா, முன்னாலா என்று ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குச் சாதகமாக இருக்காது, அதனால் எழுதாதே.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யாரு மேல தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் அறுபது வயசு வரைக்கும் எழுதிக்கிட்டே இருங்க. ஜூலைல அடுத்த ஓட்டம் இருக்கு. நீங்க பண்ணித் தரலேன்னா, நாலாவது தெருல ஒருத்தன் வண்டி வெச்சிருக்கான், அவன்கிட்ட போயிடுவேன்." அந்த ஆளை எனக்குத் தெரியும். அவன் வண்டியில் வால்வு என்கிற பேச்சே கிடையாது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கட்டுப்போட்ட தோளோடு எழுந்து செருப்பைத் தேடினாள். உன் மகள்.

அதனால் எஞ்சினை மரப்பெட்டியில் அனுப்புகிறேன். டர்போ, தொட்டி, குழாய், ஓட்டை விழுந்த பிஸ்டன் எல்லாம் உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் நீ பார். வால்வைப் புதிதாகச் செய்.

எனக்கு வேண்டியது ஏழு. நான் ஏழு என்று எழுதினால் அது ஏழுதான். இதில் கழித்து அஞ்சு ஆக்கிவிடாதே.

அவளுடைய அப்பன்

ஜூன் 2

உனக்கு,

பெட்டி வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுதவில்லை, ஏனென்றால் கோபம் தீரவில்லை. இப்போதும் தீரவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது, எஞ்சினை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

பிரித்ததும் முதலில் உன் எண்ணெய்க் குழாயைப் பார்த்தேன். டர்போவிலிருந்து திரும்புகிற எண்ணெய் கீழ்நோக்கி வடிய வேண்டும். நீ அதை வளைத்து, மேலே ஏற்றி, அப்புறம் இறக்கியிருக்கிறாய். எண்ணெய் என்ன ஏணி வைத்து ஏறுமா? வெட்டி எறிந்துவிட்டு நேராக விட்டிருக்கிறேன். சிலிண்டரை அரை மில்லி கடைந்து, புது பிஸ்டன் போட்டு, அதைச் சுற்றி உட்காரும் ரிங்கை நானே மாட்டினேன். இடைவெளி இலை நுனி அளவு. இப்படி ஒரு ரிங்கை நீ கனவில்கூடப் போட முடியாது.

வால்வு ஏழு. இங்கே என் கேஜில் ஏழு, பக்கத்துப் பட்டறைக் கேஜில் ஏழு. ஆனால் உனக்கு ஒரு உத்தரவு. ஓட்டத்தன்று காலையில் அதைக் கழற்றி நீ அளக்க வேண்டும். நான் செய்தது, சரியாக இருக்கும் என்று நினைத்து மாட்டினாயானால் உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். என்னை நம்பாதே. உன் மேல் எனக்கும் நம்பிக்கை கிடையாது. அதனால் அளந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, அவளும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, எனக்கு அனுப்ப வேண்டும்.

நான் வரமாட்டேன். ரோட்டில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று போனில் உன் குரல் சொன்னபோது, என் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட கை எழவில்லை. இன்னொரு தடவை அந்த மாதிரி நிற்க என்னால் முடியாது. பயமாக இருக்கிறது. உன்னிடம் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

அவள் அம்மா

ஜூலை 7

அவள் அம்மாவுக்கு,

காகிதம் உள்ளே இருக்கிறது. ஏழு, ஏழு, ஏழு. மூன்று தடவை அளந்தேன். அவள் கையெழுத்தும் இருக்கிறது. பக்கத்தில் 'இப்ப திருப்தியா?' என்று எழுதியிருப்பதும் அவள்தான், நான் இல்லை.

ஓடுதளம் முழுக்க வெயில். எல்லார் வண்டியும் ஒரே மாதிரி கத்தியது, நம்முடையது மட்டும் விசிலடித்தது. ஆமாம், 'நம்முடையது'. வேண்டுமானால் சிவப்பு மையில் அடிக்கோடு போடு. வேடிக்கை பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்து, "யாரு கடஞ்சது?"ன்னார். "என் சம்சாரம்"னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள்.

அவள் புறப்பட்டதும் நான் பார்க்கவில்லை. திரும்பி நின்று கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். தகர டப்பாவில் கல் விழுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசி வரை வரவில்லை. அப்படியே பெட்ரோல் கேன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வேகம் நூற்றுப் பதின்மூன்று. நூற்று இருபது என்று எழுதத்தான் கை போனது. இதில் எதையும் கழிக்க வேண்டாம், நூற்றுப் பதின்மூன்றுதான். இரண்டாவது இடம். முதல் இடம் என்றும் எழுதியிருக்கலாம், உனக்கு எப்படித் தெரியப் போகிறது? ஆனால் எழுதவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்த செய்தி உனக்கு வந்திருக்கும். உன் ஊரிலேயே, ஆகஸ்டில் சேர வேண்டும். சனிக்கிழமை பஸ் ஏற்றி விடுகிறேன். எஞ்சினும் பார்சலில் அவளோடு வருகிறது. அது உன்னிடம்தான் பத்திரமாக இருக்கும். அது இங்கே இல்லாவிட்டால் லீவு நாளில் அந்த ஒற்றை அறைக்கு அவள் வர ஒரு காரணமும் இருக்காது. தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன். இதை எழுதுவது உன்னிடம் இரக்கம் சம்பாதிக்க அல்ல. உன்னிடம் அது கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அப்பன்

ஜூலை 29

உனக்கு,

எஞ்சின் வந்தது. பெட்டிக்குள் எண்ணெயைத் துடைக்காமல் அனுப்பியிருக்கிறாய். அவள் துணிமணி எல்லாம் நாற்றம்.

'சம்சாரம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். 'லேத்காரம்மா' என்று சொல். அந்தப் பெயர் நான் சம்பாதித்தது.

அளந்த காகிதத்தின் அடியில் வேகத்தையும் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உனக்காக இல்லை, அவள் கையெழுத்துக்காக. பம்ப் செட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நூத்திப் பதிமூணா? அவரு சொன்ன கணக்கா, மெய்யா?"ன்னார். "அப்படியே நம்புங்க"ன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அதற்குமேல் என்னிடம் மன்னிப்பு எதிர்பார்க்காதே.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டத்தில் ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவளே அதை உன் அறைக்கு எடுத்துக்கொண்டு வருவாள். மாற்றிக் கொடு. அதற்கு அடுத்த மாதமும் வருவாள். இந்த மாதிரி எஞ்சினில் ரிங்கை மாதா மாதம் பார்க்க வேண்டும்.

இங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை. எனக்கு ரிங் போட வராது. இதை அப்படியே நம்பு, அளந்து பார்க்காதே.

அவள் அம்மா